பக்கத்து வயலில் குலைநோய்: யூரியா போட்டுத் தேற்றலாமா?

கேள்வி: தாளடி நெல், தூர் கட்டும் பருவம். பக்கத்து வயலில் குலைநோய் வந்துவிட்டது. நோயை எதிர்க்கும் மருந்தைப் பயிரே சுரக்கும் என்கிறார்கள். யூரியா போட்டுத் தேற்றினால் அது கூடுமா?

பதில்: சுரப்பது உண்மைதான். ஆனால் இப்போது யூரியா போட்டால் பயிர் இன்னும் எளிதில் மாட்டிக்கொள்ளும்.

நெல் சுரக்கும் மருந்துகளில் நன்கு ஆராயப்பட்டவை மோமிலாக்டோன், சக்குரானெட்டின். மோமிலாக்டோனை 1973-இல் ஜப்பானில் நெல் உமியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இலையில் இவை முன்கூட்டியே நிறைந்து கிடப்பதில்லை. குலைநோயை உண்டாக்கும் பூஞ்சாணம் நுழைந்த பிறகுதான் அந்த இடத்தைச் சுற்றிச் சுரக்கும். யார் முந்துகிறார்கள் என்பதே கணக்கு. இதை வயலிலேயே பார்க்கலாம். தாங்கும் ரகத்தில் குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளியோடு நோய் நின்றுவிடும். ஐ.ஆர். 50 போன்ற தாங்காத ரகத்தில் நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் வடிவப் புள்ளிகள் விரியும். உங்கள் வயலில் எது என்று காலையில் இறங்கிப் பாருங்கள்.

யூரியா தரும் தழைச்சத்து மிஞ்சினால் இலை கரும்பச்சையாக, மெத்தென்று வளரும். அதில் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) குறையும். இலைத்தோலுக்கு அடியில் படியும் சிலிக்காதான் முதல் தடுப்பு. பூஞ்சாணம் சுமார் 80 வளிமண்டல அழுத்தத்தில் இலையைக் குத்தி நுழைகிற ஜாதி, அதற்கு மெத்தென்ற இலை எம்மாத்திரம்! அதனால் இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்து, நிறம் அட்டையில் உள்ள 4-ஆம் எண்ணுக்குக் கீழே இறங்கினால் மட்டும் (வெள்ளைப் பொன்னிக்கு 3) யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். நோய் பரவும்போது அதையும் தள்ளிப்போடுவது நல்லது.

அடுத்த பட்டத்துக்கு, நாற்றங்காலில் உமிச் சாம்பல் கலந்துவிடுங்கள். அதில் பெரும்பகுதி சிலிக்காதான். விதை கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்து நேர்த்தி செய்தால், பயிரின் எதிர்ப்பும் சுறுசுறுப்பாகும். நோய் முற்றிய வயலில் இதைத் தெளித்துவிட்டு அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, கண் வடிவப் புள்ளி தென்பட்டுவிட்டால்? வேளாண் அலுவலரைக் கேட்டு உடனே மருந்தடியுங்கள். குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் மருந்து பூஞ்சாணத்தைக் கொல்லாது. இலையைத் துளைக்க அதற்குத் தேவையான கருநிறமியைத் தடுக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே உள்ளே புகுந்ததை அது ஒன்றும் செய்யாது. கதிர் வெளிவரும்போதும் பனி கொட்டினால் இன்னொரு முறை கவனியுங்கள். கதிரின் கழுத்தில் தாக்கினால் மணி பதராகிவிடும்.