கேளுங்கள்: அறுந்த ஃபைபரை எப்படி ஒட்டுகிறார்கள்?

கேள்வி: பள்ளம் தோண்டும்போது ஃபைபர் கேபிள் அறுந்துவிட்டால், செம்புக் கம்பி மாதிரி முறுக்கி டேப் சுற்றிவிட முடியாதா? அதற்கு எதற்கு இவ்வளவு விலையில் ஒரு மெஷின்?

பதில்: முடியவே முடியாது. செம்பு செம்பைத் தொட்டால் போதும், மின்சாரம் பாய்ந்துவிடும். இங்கே தொலைதூர இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான், சுற்றியுள்ள கண்ணாடியையும் சேர்த்தால் 125 மைக்ரான், ஏறத்தாழ ஒரு தலைமுடி கனம். அந்த 9 மைக்ரானும் இந்த 9 மைக்ரானும் நேருக்கு நேர் நிற்க வேண்டும், நடுவில் காற்றோ தூசியோ இருக்கக் கூடாது. ஸ்ப்ளைசிங் மெஷின் இரண்டு முனைகளையும் கேமராவில் பார்த்து நேராக்கி, இரு மின்முனைகளுக்கு நடுவே ஒரு தீப்பொறியை விட்டுக் கண்ணாடியை உருக்கி ஒட்டுகிறது. நன்றாக அமைந்த ஒட்டில் இழப்பு 0.05 டெசிபலுக்குள்தான், அதாவது ஒரு சதவீத ஒளியை ஒட்டித்தான் வீணாகும்.

எல்லோரும் மெஷினைப் பாராட்டுகிறார்கள், என் ஓட்டு, ஒட்டுவதற்கு முன் இழையின் முனையைத் தயார் செய்யும் கிளீவருக்குத்தான். பெயர்தான் வெட்டும் கருவி, ஆனால் அது வெட்டுவதில்லை. இழையின் மேல் கூரான பிளேடால் ஒரு சிறு கீறல் போட்டு அழுத்தம் கொடுக்கும், விரிசல் தானாக ஓடி முனை சமதளமாக உடையும். கோணல் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். முனையில் பிசிறு இருந்தால் எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் ஒட்டில் குமிழிதான் வரும். அப்புறம் இன்னொன்று: ஒட்டைக் காக்கும் ஸ்லீவ் என்ற சிறு குழாயை ஒட்டுவதற்கு முன்பே இழையில் கோத்துவிட வேண்டும். மறந்தால் மறுபடி வெட்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கேள்வி: மண்ணுக்கடியில் எங்கே அறுந்தது என்று அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: ஓடிடிஆர் என்ற கருவியை வைத்து. பார்னோஸ்கி, ஜென்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1976-ல் வெளியிட்ட யோசனை இது. இழைக்குள் மிக மிகக் குறுகிய ஒளித்துடிப்பு ஒன்றை அனுப்பினால், வழியெங்கும் கண்ணாடி அதில் துளித்துளியாகச் சிதறடிக்கும், அதில் கொஞ்சம் திரும்பி வரும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போவதால், ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து திரும்பிவர 10 மைக்ரோ நொடி ஆகும். நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும், திரும்பி வரும் ஒளி சட்டென்று நின்றுபோகும் இடம்தான் அறுந்த இடம்.

ஆனால் அது சொல்வது இழையின் நீளம், சாலையின் நீளம் அல்ல. கேபிளுக்குள் இழை சற்றுத் தளர்வாக வளைந்து கிடக்கும், இணைப்புக் குழிகளில் உபரிக் கேபிளைச் சுருட்டியும் வைத்திருப்பார்கள். 7 கிலோமீட்டர் என்று திரையில் பார்த்துவிட்டு சாலையில் 7 கிலோமீட்டர் அளந்து தோண்டினால் வெறும் மண்தான் கிடைக்கும். இன்னொரு வேடிக்கை, சில ஒட்டுகளில் ஒளி கூடியதாகக்கூடத் திரை காட்டும். இரண்டு வகை இழைகள் சிதறடிக்கும் அளவில் உள்ள வித்தியாசம் அது, இரு பக்கமிருந்தும் அளந்து சராசரி எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

இணைப்பை நிறுத்தாமலே கண்காணிக்கவும் வழியுண்டு. தகவல் 1310, 1550 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ஓடும்போதே 1625-ல் சோதனைத் துடிப்பை அனுப்புவார்கள். அலைநீளம் கூடக்கூட வளைவில் கசிவும் கூடும் என்பதால், எங்கேயாவது கேபிள் நசுங்கத் தொடங்கினால் அதில்தான் முதலில் தெரியும்.

கேள்வி: இவ்வளவு மெல்லிய இழையைக் குழாய்க்குள் எப்படி உடையாமல் நுழைக்கிறார்கள்?

பதில்: ஊதி! கயிறு கட்டி இழுத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் இழுவிசை பல மடங்காகப் பெருகும். காற்று அப்படியில்லை, கேபிளின் முழு நீளத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகும். 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் டெலிகாம் பொறியாளர்கள் கொண்டுவந்த முறை.

கேள்வி: ஒளி வருகிறதா என்று முனையைக் கண்ணால் பார்க்கலாமா?

பதில்: கூடாது. அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரை வையுங்கள். அருகில் முறிவு இருக்குமோ என்ற சந்தேகம் என்றால் சிவப்பு லேசர் பேனாவைச் செருகினால் உடைந்த இடம் வெளியிலேயே ஒளிரும். சில கிலோமீட்டருக்கு மேல் அது போகாது, ஆனால் ஓடிடிஆருக்குக் கண் தெரியாத முதல் சில மீட்டர்களில் அதுதான் கைகொடுக்கும்.