பீட் கிடைத்துவிட்டது, செய்தி கிடைக்கவில்லை

கேள்வி: இதழியல் படிக்கிறேன். எங்கள் மாணவர் பத்திரிகையில் பல்கலைக்கழக நிர்வாகம் என் பீட், அதாவது நான் தொடர்ந்து செய்தி சேகரிக்க வேண்டிய துறை. அலுவலகத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்கள் தரும் அறிக்கையைத்தான் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: செய்தி வேண்டும்போது மட்டும் போய் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எதுவுமே நடக்காத நாளில் போங்கள். பதிவாளரை விடுங்கள், அவர் சொல்வது எப்படியும் அறிக்கையில் வந்துவிடும். கணக்குப் பிரிவு எழுத்தர், விடுதிக் காப்பாளர், காவலாளி என்று எல்லோரிடமும் பேச்சுக் கொடுங்கள். ஒரு கோப்பு எந்த மேசையில் தொடங்கி யார் கையெழுத்தோடு முடிகிறது என்று கேளுங்கள், தன் வேலையைப் பற்றி அக்கறையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் பேசுவார்கள்.

அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழல் என்றதும் வுட்வர்ட், பெர்ன்ஸ்டீன் என்ற இரு நிருபர்களின் பெயர்கள்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1972 ஜூன் 18 அன்று வாஷிங்டன் போஸ்ட்டில் வந்த முதல் செய்தி ஆல்ஃபிரட் லூயிஸ் பெயரில் வந்தது. அந்த இருவரும் அதற்குத் தகவல் சேகரித்துத் தந்தவர்களில் அடக்கம். லூயிஸ் பல பத்தாண்டுகள் போலீஸ் பீட்டிலேயே இருந்தவர். மற்ற நிருபர்கள் வெளியே காத்திருக்க, அவர் போலீசாரோடு, எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்து பிடிபட்ட வாட்டர்கேட் கட்டடத்துக்குள் போய்விட்டார். போலீசாரோடு அந்த நெருக்கம் ஒரே நாளில் வந்ததில்லை.

அப்புறம், காகிதங்கள். பட்ஜெட், கூட்டக் குறிப்பு, தணிக்கை அறிக்கை, கிடைப்பதையெல்லாம் படியுங்கள். போன வருட பட்ஜெட்டையும் இந்த வருடத்ததையும் சேர்த்து வைத்து எந்தத் தொகை ஏறியிருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். "ஏதாவது செய்தி இருக்கிறதா சார்?" என்று கேட்பவரைச் சுலபமாக அனுப்பிவிடலாம், "நூலக ஒதுக்கீடு ஏன் குறைந்தது?" என்று தாளோடு வருபவரை அப்படி அனுப்ப முடியாது. "மூன்று மாதத்தில் முடித்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால் தேதி போட்டு டைரியில் எழுதிவையுங்கள், அந்தத் தேதியில் போய்க் கேளுங்கள். பாதி ஃபாலோ-அப் செய்திகள் இப்படித்தான் வருகின்றன.

எது ஆஃப் தி ரெக்கார்ட், அதாவது செய்தியில் போடக் கூடாதது என்ற விஷயத்தைப் பேச்சு தொடங்கும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள், சொல்லி முடித்த பிறகு "இதைப் போடாதே" என்றால் இரண்டு பேருக்கும் சங்கடம். அவர்களுக்குப் பிடிக்காத செய்தி எழுதுகிறீர்களா, அச்சுக்குப் போகும் முன் அவர்கள் தரப்பையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தி வந்த மறுநாளும் அதே அலுவலகத்துக்குப் போங்கள். கோபமாக இருப்பார்கள், பரவாயில்லை, எங்கே தப்பு என்று காட்டச் சொல்லுங்கள். உண்மையிலேயே தப்பு இருந்தால் அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள்.