பக்தி அதிகமா, பக்தி வேலை அதிகமா?

ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் பக்தி அதிகம் என்கிறார்களே, உண்மையா, ஏன் அப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணக்கெடுத்தவர்கள் உண்மை என்றுதான் சொல்கிறார்கள். 2016-ல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கையில், 84 நாடுகளில் தினமும் பிரார்த்தனை செய்வதாகச் சொன்ன பெண்களின் விகிதம் ஆண்களைவிடச் சராசரியாக 8 சதவீதப் புள்ளிகள் அதிகம். ஆனால் அதே அறிக்கையில் வாராவாரம் வழிபாட்டுக்குப் போவதைப் பார்த்தால் முஸ்லிம்களில் ஆண்கள்தான் வெகுவாக முந்துகிறார்கள், ஏனென்றால் வெள்ளிக்கிழமைத் தொழுகை ஆண்களுக்குத்தான் கடமை, பெண்களுக்கு இல்லை. இஸ்ரேலில் தினசரிப் பிரார்த்தனையிலேயே ஆண்கள் முன்னால் நிற்கிறார்கள். ஆசார யூதர்களிடம் கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், பெண்கள் அந்த எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். ஆக, மதம் யாரைக் கூப்பிடுகிறதோ அவர்கள் போகிறார்கள், அவ்வளவுதான்.

1995-ல் மில்லர், ஹாஃப்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறு காரணம் சொன்னார்கள்: ஆண்கள் ஆபத்துக்குத் துணிந்தவர்கள், கடவுளை நம்பாமல் இருப்பதும் ஒரு ஆபத்துதான், அதனால் பெண்கள் பாதுகாப்பான பக்கம் நின்றுகொள்கிறார்களாம். ஹெல்மெட் போடுகிற மாதிரி! எனக்கு இது ஒட்டவில்லை. அப்படியானால் ஆசார யூத ஆண்கள் எல்லாம் பயந்தாங்கொள்ளிகளா?

என் எண்ணம் வேறு. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று உள்ளே கொண்டுபோகும்போது அவர் அம்மாவிடம் சொன்னது, "எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ." பில் கட்டிவிடு என்று சொல்கிற அதே தொனியில். அப்புறம் நான்கு மணி நேரம் அம்மா அந்தப் பெஞ்சில் விரல் கணுக்களை எண்ணியபடி உட்கார்ந்திருந்தார், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, இடையில் எனக்குச் சாப்பிடக் காசு எடுத்துக் கொடுத்தபோதுகூட எண்ணிக்கை விடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், பரீட்சை, யாரோ வீட்டில் சாவு, எல்லாவற்றுக்கும் சாமியிடம் பேசும் பொறுப்பு வீட்டு வேலைகளோடு வேலையாக அம்மா தலையில்தான் விழுந்தது. வெளியே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்கள் அதிகமுள்ள நாடுகளில் இந்த ஆண், பெண் வித்தியாசம் குறைவாக இருப்பதாகவும் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது, எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

சரி, இவ்வளவு பாடுபடுகிறவர்களுக்கு மேடை கிடைத்ததா? இங்கிலாந்துத் திருச்சபை பெண்களைக் குருக்களாக்கியதே 1994-ல்தான், முதல் பெண் பிஷப்புக்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையோ பெண்களுக்குக் குருத்துவம் தரத் தனக்கு அதிகாரமே இல்லை என்று அதே 1994-ல் அறிவித்துவிட்டது.

சில வருடம் கழித்து அம்மா படுத்தபோது அப்பா அதே மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேண்டப் பார்த்தார். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. எழுந்து உள்ளே போய் அம்மாவிடமே கேட்டார், "அதுக்கு அப்புறம் என்ன வரும்?"