சிறிய நாட்டுக்கு இணைய வலிமையால் என்ன பயன்?

படைபலம் குறைந்த நாட்டுக்கு இணைய வலிமை, அதாவது இணையத் தாக்குதலைச் சமாளிக்கும் திறனும் அத்துறையில் பெறும் செல்வாக்கும், வெளியுறவில் உதவுமா என்ற கேள்விக்கு, ரஷ்யாவை ஒட்டிய முன்னாள் சோவியத் குடியரசான எஸ்தோனியாவின் அனுபவமே தெளிவான விடை. 2007 ஏப்ரலில், தலைநகர் தாலினின் நடுவே நின்ற சோவியத் காலப் போர்வீரர் வெண்கலச் சிலையை அரசு இராணுவக் கல்லறைக்கு மாற்றியதையொட்டி, நாடாளுமன்றம், அமைச்சகங்கள், வங்கிகள், நாளிதழ்கள் ஆகியவற்றின் இணையதளங்கள் மீது, உரிமையாளர் அறியாமலேயே பிறர் வசப்படுத்திய கணினிகள் பலவற்றிலிருந்து போலிக் கோரிக்கைகள் வெள்ளமெனக் குவிந்து அவற்றை முடக்கின. வெளிநாட்டு இணைப்புகளைத் தடுத்துத்தான் உள்நாட்டுச் சேவையைக் காக்க வேண்டியிருந்தது. ரஷ்யா மீது சந்தேகம் எழுந்தது, மாஸ்கோ மறுத்தது. ஏவுகணையைப் போலன்றி, இங்கே ஏவியவர் யார் என்று நிறுவுவதே பெரும்பாடு.

அடுத்து நிகழ்ந்ததுதான் என் பார்வையில் முக்கியமானது. 2008இல் நேட்டோ இராணுவக் கூட்டணி சார்ந்த இணையப் பாதுகாப்பு மையம் தாலினிலேயே அமைந்தது. அதன் அழைப்பின் பேரில் சட்ட வல்லுநர்கள் உருவாக்கிய தாலின் கையேடு 2013இல் வெளிவந்து, எந்த அரசையும் கட்டுப்படுத்தாத நூலாயினும், பன்னாட்டுச் சட்டம் இணையத் தாக்குதல்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்ற விவாதத்தில் தவிர்க்க முடியாத மேற்கோளாயிற்று. 2017இல் லக்சம்பர்க்குடன் செய்த ஒப்பந்தத்தின்படி, எஸ்தோனிய அரசின் முக்கியத் தரவுகளின் நகல்கள் அங்கே தூதரகத்துக்கு நிகரான சட்டப் பாதுகாப்புடன் வைக்கப்படுகின்றன. 2020 மார்ச்சில், ஐ.நா. பாதுகாப்பு அவையின் தற்காலிக உறுப்பினராக இருந்த எஸ்தோனியா, ஜார்ஜியா நாட்டின் மீதான இணையத் தாக்குதலை அமெரிக்கா, பிரிட்டனுடன் சேர்ந்து அவையில் எழுப்பி, ரஷ்ய இராணுவ உளவுத்துறையை வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டியது.