ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு பசி இல்லை, ஆனால் வாய் கேட்கிறது. எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: எடை குறைய ஸ்லீவ் ஆபரேஷன் செய்து ஐந்து மாதம் ஆகிறது. பசி இல்லை, ஆனால் வாய் கேட்கிறது. சாயங்காலம் ஆனால் மிக்சர், முறுக்கு பக்கம் கை போகிறது. விசேஷ வீடுகளுக்குப் போகவே பயமாக இருக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

எனக்கும் இதே ஆபரேஷன்தான், ஆகிச் சில வருடங்கள் இருக்கும். நான் டாக்டர் இல்லை. திருநெல்வேலியில் மாமியார், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மூன்று வேளையும் சமைக்கிறவள். எனவே கீழே இருப்பதில் பாதி டயட்டீஷியன் சொல்லிக்கொடுத்தது, மீதி அடுப்படியில் நின்று தெரிந்துகொண்டது.

"பசி இல்லை, வாய் கேட்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயமே. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த அந்த மேல்பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் முதல் சில மாதம் சாப்பாட்டு வேளையே மறந்துபோகும். ஆனால் நாலு மணி டீக்கு எதையாவது கொறித்துப் பழகிய கையை எந்த சர்ஜனும் தொடவில்லை. ஒரு வருடம் ஆகும்போது பலருக்குப் பசியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும். அது வருவதற்குள் கைக்கு வேறு பழக்கம் ஏற்படுத்தியாக வேண்டும். ஐந்தாவது மாதத்திலேயே நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஆபரேஷன் செய்தவர்கள் எல்லாரும் பிரியாணியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் பிரியாணி சாது. மூன்று துண்டு கறி, இரண்டு வாய் சோறு, நெஞ்சு வரைக்கும் அடைத்துவிடும். அதற்கு மேல் நீங்களே நினைத்தாலும் இறங்காது. மிக்சர் அப்படியா? காராச்சேவு, ஓமப்பொடி, பிஸ்கட், சீவல் எல்லாம் வாயிலேயே மாவாகக் கரைந்து, டீயோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அந்தச் சின்னக் குழாயில் தங்காது, அதனால் வயிறு நிறைந்த உணர்ச்சியே வராது. அரை மணி நேரம் டிவி பார்த்துக்கொண்டே ஒரு கிண்ணம் காலியாகும். 100 கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல். இரண்டு முட்டையை முழுசாகச் சாப்பிட முடியாமல் திணறுகிற அதே வயிறு இதை ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்கிறது. பாயசம், ஐஸ்கிரீம், ஜூஸ், சர்க்கரை போட்ட சத்துமாவுக் கஞ்சி எல்லாம் இதே ஜாதி. எடை மறுபடி ஏறியவர்களிடம் பேசிப் பாருங்கள், விருந்துச் சாப்பாட்டைச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கொறியலைத்தான் சொல்வார்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடி என்று சொல்லியிருப்பார்களே, அதற்கும் இதுதான் காரணம். தண்ணீர் உள்ளே இருப்பதைக் கழுவித் தள்ளிவிடும். நம் ஊர்ச் சாப்பாட்டில் இது இன்னும் சிக்கல். ரசம் ஊற்றித் தளரப் பிசைந்த சோறும், சாம்பாரில் மிதக்கிற இட்லியும் கிட்டத்தட்ட குடிக்கிற பண்டங்கள்தான். நான் குழம்பைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்கிறேன். இதற்காக என் மாமியாரிடம் இன்றைக்கும் பேச்சு வாங்குகிறேன், அது வேறு கதை.

சாயங்காலத்துக்கு வருவோம். நாலு மணிக்கு ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று பல்லைக் கடித்தால், ஐந்து மணிக்கு டப்பாவே காலியாகும். அதனால் நாலு மணியை ஒரு சாப்பாட்டு வேளையாகவே ஆக்கிக்கொண்டேன். உட்கார்ந்து, தட்டில் வைத்து, மென்று சாப்பிடுகிற மாதிரி ஏதாவது: நன்றாக வெந்த சுண்டல், அவித்த முட்டை, லேசாக வாட்டிய பனீர். டீ அதற்கு அரை மணி நேரம் கழித்து, தனியாக. டீக்கும் மிக்சருக்கும் உள்ள உறவை அறுப்பதுதான் முக்கியம். டீ கையில் இருந்தால்தான் கை துணை தேடும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை சாப்பிட்டாலும் தப்பில்லை. வேளைக்கும் வேளைக்கும் நடுவில் வாய் அசையக் கூடாது, அவ்வளவுதான்.

டப்பாவை என்ன செய்வது? பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பலகாரமே வாங்காதே என்று சொன்னால் நடக்காது. எங்கள் வீட்டில் மொத்தமாக வாங்கி டப்பாவில் கொட்டி வைப்பதை நிறுத்தினோம். பிள்ளைகளுக்கு வேண்டியதைச் சின்னப் பாக்கெட்டாக அன்றன்றைக்கு அவர்கள் அப்பா வாங்கி வருவார், அன்றைக்கே தீர்ந்துவிடும். தனக்கு வேண்டியதை மாமியார் தன் பீரோவில் வைத்துக்கொண்டார். அந்தச் சாவியைக் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது.

சமைக்கிறவர்களுக்கு இன்னொரு வாசல் திறந்தே இருக்கும், அதை யாரும் எழுத மாட்டார்கள். உப்புப் பார்ப்பது, சட்டியில் ஒட்டியதைச் சுரண்டுவது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த அரை தோசையை "வீணாப் போகுதே" என்று வாயில் போடுவது. இதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று நினைக்கிறோம். உப்புப் பார்க்கும் வேலையை நான் மூத்தவளிடம் கொடுத்துவிட்டேன். மிச்சம் நேராகத் தெரு நாய்க்குப் போகிறது.

தட்டில் முதலில் புரோட்டீன், பிறகு காய், இடம் இருந்தால் சோறு. ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீனாவது வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம், ஒரு முட்டையில் 6. இட்லியை நம்பினால் எங்கே போய்ச் சேருவோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை, 100 கிராமில் 20 கிராம் அளவுக்குக் கிடைக்கும். குழம்பில் வெந்த மீன் மெத்தென்று இறங்கவும் செய்யும். சைவக்காரர்களுக்குத்தான் பாடு. மீல்மேக்கரைக் காய்ந்த நிலையில் நிறுத்தால் பாதி எடை புரோட்டீன். ஊறவைத்துப் பிழிந்து, பொடியாக அரிந்து பொரியலில் போடலாம். பாசிப்பயறு தோசை, பனீர், வடிகட்டிய கெட்டித் தயிர் இவையெல்லாம் தினமும் சுழற்சியில் வர வேண்டும். போதாவிட்டால் புரோட்டீன் பவுடர், டயட்டீஷியன் சொல்கிற அளவில்.

விசேஷ வீடு. அங்கே ஆசையைவிட அன்புதான் பெரிய தொந்தரவு. எங்கள் பக்கம் மறுவீட்டுக்குச் சொதி வைப்பார்கள்: தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கள், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. பால் மாதிரி வழுக்கி இறங்கும் சாப்பாடு, பரிமாறுகிறவர்கள் கரண்டியை மடக்கவே மாட்டார்கள். ஒரு விசேஷத்தில் ஒன்றுவிட்ட சித்தி எல்லார் முன்னாலும், "என்னட்டி, கழுத்து எலும்பு தெரியுது, ஒன் வீட்ல சோறு போடலியா?" என்று கேட்டார்கள். "வயித்துல ஆபரேஷன் சித்தி, டாக்டர் அளவு சொல்லிருக்காரு" என்றேன். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. எடை குறைக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால், பந்தி முழுக்க உங்கள் இலையைத்தான் எண்ணிக்கொண்டு இருக்கும்.

நான் போகும் முன் வீட்டில் ஒரு முட்டையோ கொஞ்சம் பனீரோ சாப்பிட்டுவிடுவேன். பந்தியில் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். அளவு மீறி விழுந்தது அவர் இலைக்குப் போகும். சோறு வரும்போது இலைக்கு மேல் கையை நீட்டிவிட வேண்டும், வாயால் வேண்டாம் என்றால் யாரும் கேட்பதில்லை. மெல்ல மென்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருந்தால் பந்தி முடிகிற நேரமும் நீங்கள் நாலு வாய் முடிக்கிற நேரமும் சரியாக இருக்கும்.

அல்வாவே கூடாதா? இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அரைக் கிலோ வாங்கி ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் ஆபத்து. கடையில் நின்று, சூடாக, வீட்டுக்காரர் வாங்கியதில் ஒரு விரலளவு எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், அதுவும் எப்போதாவது. இரைப்பையைச் சின்னதாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிற பைபாஸ் முறையில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது. இனிப்பு நேராகச் சிறுகுடலில் விழுவதால் அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று படுத்திவிடும். டம்பிங் என்பார்கள். ஸ்லீவில் அது குறைவு. வராது என்று அர்த்தமில்லை. உடம்பு போட்டுக்கொடுக்கிற அந்த வேலி நமக்குப் பலமாக இல்லாததால் நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மது பழக்கம் உள்ளவர்கள் இதைப் படித்தால்: ஆபரேஷனுக்குப் பிறகு போதை சீக்கிரம் ஏறும். 2012-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முக்கியமாக பைபாஸ் செய்தவர்களிடம், இரண்டாவது வருடத்தில் குடிப்பிரச்சினை கூடியிருந்தது. சாப்பாட்டில் தேடிய ஆறுதலை வேறொன்றில் தேடும் அபாயம் எல்லாருக்கும் உண்டு. இரவில் யாருக்கும் தெரியாமல் எழுந்து சாப்பிடுகிற நிலை வந்தால், அது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமில்லை; மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

பயந்துபோய் ஒன்றுமே சாப்பிடாமல் இருப்பவர்களும் உண்டு. நீங்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். இந்த மாதங்களில் முடி கொட்டும், பெரும்பாலும் தானாக நின்றுவிடும். ஆனால் புரோட்டீனும் இரும்புச் சத்தும் குறைந்தால் நீளும். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. இரும்பு மாத்திரையை டீயோடு போடாதீர்கள், கால்சியத்துக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சாப்பிட்டதெல்லாம் நாள் கணக்கில் வாந்தியாக வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்தால் நரம்பைப் பாதிக்கும்.

எடை என்றைக்கும் இறங்கிக்கொண்டே இருக்காது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி, எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஓரிரு வருடத்தில் எடை அடிமட்டத்துக்கு வந்து, பிறகு கொஞ்சம் ஏறி, அப்புறம் ஒரு நிலையில் நின்றது. அவை பெரும்பாலும் பழைய முறை ஆபரேஷன்கள், இருந்தாலும் போக்கு இதுதான். எனக்கும் கொஞ்சம் ஏறித்தான் நின்றிருக்கிறது, சுகர் மாத்திரை இல்லாமல் இருக்கிறேன். இரண்டு கிலோ ஏறியதும் "எல்லாம் போச்சு" என்று டப்பாவைத் திறப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆறாவது மாத ரத்தப் பரிசோதனை உங்களுக்கு நெருங்கியிருக்கும். போகும்போது டயட்டீஷியனிடம் மிக்சர் சமாச்சாரத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை, "முறுக்கா, மிக்சரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார்.