வயல் மனையானால் மழை எங்கே போகும்?

கேள்வி: பக்கத்து வயலை மனைகளாக்கி வீடு கட்டிவிட்டார்கள். இப்போது சாதாரண மழைக்கே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மழை கூடிவிட்டதா, நிலம் மாறியதுதான் காரணமா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர மீட்டரில் 50 மி.மீ. பெய்தால் 50,000 லிட்டர். புல் மூடிய பொலபொலப்பான மண்ணில் ஏறக்குறைய 10,000 லிட்டர்தான் வழிந்தோடும். கூரையும் கான்கிரீட்டும் வந்துவிட்டால் 45,000 லிட்டர் வரை ஓடும். அதே மழைதான், ஓடும் நீர் நாலரை மடங்கு. வரப்பில் தேங்கி மெல்ல வடிந்த நீர் இப்போது எல்லாக் கூரைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வடிகாலுக்கு வந்து சேர்கிறது. பழைய வடிகால் அந்த வேகத்துக்குக் கட்டப்பட்டதல்ல.

கேள்வி: மனையில் பாதியைத் தோட்டமாக விட்டால் போதுமா?

பதில்: மண் இறுகாமல் இருந்தால் போதும். பெரும்பாலும் இறுகியிருக்கும், கட்டுமான வண்டிகள் ஏறிய மண், மேலே புல் முளைத்தாலும் அடியில் தளம் போலத்தான் கிடக்கும். இறுகியிருக்கிறதா என்று பார்க்க, 30 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி, மண்வெட்டி மழமழவென்று மெழுகிவிட்ட பக்கங்களைக் கீறிவிடுங்கள். நீர் நிரப்பி முழுதும் வடியவிட்டு, இரண்டாம் முறை நிரப்பி அளவெடுங்கள். காய்ந்த மண் முதல் முறை ஆவலாகக் குடித்து உங்களை ஏமாற்றும். மணிக்கு 25 மி.மீ.க்கு மேல் இறங்கினால் நல்லது. 12 மி.மீ.க்குக் கீழே என்றால், மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது 30 செ.மீ. வரை கிளறி, 5 செ.மீ. கனத்துக்கு மக்கிய எரு கலந்துவிடுங்கள். சொதசொதவென்று இருக்கும்போது கிளறினால் களிமண் கட்டிகட்டியாகி இன்னும் மோசமாகும். கூரை நீரை மண்ணுக்குள் இறக்க ஜல்லி நிரப்பிய உறிஞ்சுகுழி வெட்டுவதானால் முன்னால் ஒரு வண்டல் தொட்டி அவசியம். இல்லாவிட்டால் கூரைத் தூசியும் சேறும் ஜல்லி இடுக்குகளை அடைத்துவிடும்.

கேள்வி: வெட்டும் மரங்களுக்குப் பதிலாகப் பத்து மடங்கு கன்றுகளை வேறிடத்தில் நடுகிறார்களே, ஈடாகுமா?

பதில்: எண்ணிக்கை மட்டுமே ஈடாகும். காட்டை உழுநிலமாக்கினால் மேல்மண்ணின் கரிமமும் (மக்கில் சேர்ந்திருக்கும் கார்பன்) பெருமளவு வெளியேறுகிறது. அது திரும்பச் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆழவேர் மரங்களை அழித்துக் கோதுமை விதைத்தார்கள். நீரை உறிஞ்ச ஆளில்லாமல் நிலத்தடி நீர் மேலேறி, அடியில் கிடந்த உப்பையும் கொண்டுவந்து வயல்களைப் பாழாக்கியது. தலைகீழாக, புல்வெளியில் மரக்கூட்டம் நட்டால் ஓடை வற்றலாம். ஆகவே கன்று நடும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று விசாரியுங்கள். பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்ட பல இடங்கள் இயற்கையான புல்வெளிகளே.