தோண்டிய தெருவும் திறந்த பள்ளமும்

கேள்வி: எங்கள் தெருவைப் புதுப்பிக்கத் தோண்டிப் போட்டு எட்டு மாதங்கள் ஆகின்றன. வேலை ஏன் இப்படி இழுக்கிறது? பள்ளத்தை ஒட்டியே நடந்து போகும் பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. தாமதத்தின் வேர் பெரும்பாலும் சாலைக்கு அடியில்தான் இருக்கிறது. பழைய வரைபடம் ஓரிடத்தில் காட்டும் குடிநீர்க் குழாயோ மின்கம்பியோ தோண்டும்போது வேறோரிடத்தில் தலைகாட்டினால், அதற்குரிய துறை வந்து இடம் மாற்றித் தரும்வரை வேலை நின்றுவிடும். குழாய் பதித்த பின் மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் அடுக்கடுக்காக நிரப்பி இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் அடுத்த மழையிலேயே சாலை உள்வாங்கும். கான்கிரீட் வலுப்பெறவும் நாளாகும்; போட்ட 28ஆம் நாளில் அதன் வலிமையைக் கணக்கிடுவதே வழக்கம். இவற்றுக்கான காத்திருப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆளே இல்லாமல் வாரக்கணக்கில் பள்ளம் திறந்து கிடப்பதைத்தான் ஏற்க முடியாது.

இரண்டு குச்சிகளுக்கு இடையே தொங்கும் பிளாஸ்டிக் நாடா ஒரு குழந்தையின் கை பட்டாலே அறுந்துவிடும். அது தடுப்பே அல்ல. உறுதியான தடுப்பு வேலி, இரவில் ஒளிரும் விளக்கு, வீட்டு வாசலிலிருந்து பள்ளத்தைக் கடக்கக் கைப்பிடியுள்ள பாலம் ஆகியவை முதல் நாளே வந்திருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் எடை கொண்டது என்பதால், ஆழமான பள்ளத்தில் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் தொழிலாளரை இறக்குவது அவர்கள் உயிரைப் பணயம் வைப்பதாகும். இன்றே பள்ளத்தைத் தேதியுடன் படமெடுத்து, தெருவாசிகள் கையெழுத்திட்ட மனுவுடன் இந்த வேலைக்குப் பொறுப்பான பொறியாளரிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.